பா-ஆன்ல இருந்து மோல்மீனுக்குப் படகுல போறோம், இறங்கின அன்னைக்கே ரங்கூன் பஸ் ஏறலாமா?

காமாயுட் கண்ணன் எழுதியது, 2019 நவம்பர்

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர்ல மதுரையில இருந்து எங்க மாமாவும் அத்தையும் வர்றாங்க, மாமாவுக்கு 68 அத்தைக்கு 63. மாமாவோட அப்பா வெள்ளைக்காரன் காலத்துல மோல்மீன்ல ஒரு மர மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தவராம், அதனால அந்த ஊரை ஒரு தடவை பாத்துடணும்னு மாமா போன்ல பிடிச்ச பிடியா நிக்கிறாரு. நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் ரங்கூன்தான், மோல்மீன் பக்கம் போனதே இல்ல, வெக்கமாத்தான் இருக்கு.

பிளான் இதுதான். ரங்கூன்ல இருந்து கார்ல தங்கப்பாறை, அங்க ஒரு ராத்திரி, அடுத்து பா-ஆன், அங்க குகை எல்லாம் பாத்துட்டு மத்தியானப் படகுல சல்வீன் ஆத்துல மோல்மீன் இறங்கறது, அப்படியே ராத்திரி பஸ் பிடிச்சு காலையில ரங்கூன். எனக்கு ஆபீஸ்ல லீவு வாங்கறதே பெரும்பாடு, அதான் ராத்திரி பஸ்.

படகு நாலு மணி அஞ்சு மணிக்குக் கொண்டுபோய் விடும்னு சொல்றாங்க. பஸ்ஸுக்கு ரெண்டு மூணு மணி நேரம் கிடைக்கும், அதுக்குள்ள ஊரைச் சுத்திக் காட்டிட முடியுமா? அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்கறது கஷ்டம். அதோட அவங்க சைவம், மீனை அரைச்சு ஊற வச்ச ங்கப்பி வாசனை வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவாங்க. அந்த மர மில்லு எங்க இருந்துச்சுன்னு யாருக்காவது யோசனை இருக்கா? ஆத்தோரமா இருந்துச்சு, அதுக்கு மேல மாமாவுக்கும் ஒண்ணும் தெரியல.

----------

தட்டோன் பையன்

கண்ணன் அண்ணே, படகைப் பத்தி நான் சொல்றேன், ஊரைப் பத்தி ஊர்க்காரங்க வந்து சொல்லுவாங்க.

முன்னாடி அரசாங்கத்தோட ரெண்டு தட்டுக் கப்பல் ஓடிட்டு இருந்துச்சு, ரோடும் பாலமும் வந்தப்புறம் ஏற ஆள் இல்லாம நின்னு போச்சு. இப்ப ஓடறது டூரிஸ்ட்டுக்காக விடற நீள மரப்படகு, பின்னாடி எஞ்சின், மேல தகரமோ தார்ப்பாயோ போட்டிருப்பாங்க. ஹோட்டல்லயே டிக்கெட் சொல்லி வச்சுக்கலாம், இந்த வருஷம் ஆளுக்கு 10,000 கியாட் பக்கம் கேக்கறாங்க. பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்தாத்தான் எடுப்பாங்க, ஆள் சேரலைன்னா கிளம்பற நேரத்துல கேன்சல்னு சொல்லிடுவாங்க, அதுக்கும் மனசைத் தயாரா வச்சுக்கோங்க. மூணரை மணி நேரம் நாலு மணி நேரம் ஆகும், டிசம்பர்ல தண்ணி குறைஞ்சு மணல் திட்டு தலை தூக்கியிருக்கும், படகுக்காரர் வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுவாரு.

முக்கியமா ஒண்ணு, இடது பக்கம் உக்காருங்க. படகு தெக்க பாத்துப் போகுது, மத்தியானத்துக்கு மேல வெயில் வலது பக்கமா இறங்கும், இடது பக்கம் நிழலும் கிடைக்கும் சுவேகபின் மலையும் தெரியும். கிளம்பி ரொம்ப நேரத்துக்கு அந்த மலை கூடவே வரும், ஆறு திரும்பத் திரும்ப அது இடம் மாறி நிக்கிற மாதிரி இருக்கும். பா-ஆன் பக்கம் எல்லாமே அந்தச் சுண்ணாம்புக்கல் மலைதான், வயலுக்கு நடுவுல திடீர்னு செங்குத்தா நிக்கும். கரையில வண்டல் படிஞ்ச இடத்துல எல்லாம் தோட்டம் போட்டிருப்பாங்க, சின்னப் பசங்க தண்ணியில நின்னு கைகாட்டும், எருமை கழுத்தளவு தண்ணியில கண்ணை மூடிட்டுக் கிடக்கும். பெரிசா பாக்க வேண்டிய இடம்னு ஒண்ணும் இல்ல, ஆனா நேரம் போறதே தெரியாது.

எஞ்சின் சத்தம் தாங்காது, காதுக்குப் பஞ்சு எடுத்துக்கோங்க. படகுல பாத்ரூம் கிடையாது, பெரியவங்களுக்கு அது ஒரு பிரச்சனை, ஏறும்போதே படகுக்காரர்கிட்ட சொல்லி வச்சா நடுவுல ஏதாவது ஊர்ல கரை ஒதுக்குவாரு. சில படகு கோநாட்ல நிக்கும், அங்க ஊ நா அவுக் கட்டின மரச் சவுங், அதாவது புத்த மடம் இருக்கு, நின்னா கண்டிப்பா இறங்கிப் பாருங்க. அவரு மோன் இனத்து வியாபாரி, சொந்தமா கப்பல் வாங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோட போட்டி போட்டு ஓட்டினவரு, அந்தக் காசுல கட்டினது. உத்திரத்துல இருந்து கதவு வரைக்கும் செதுக்கின தேக்கு.

கடைசில அந்த நீளப் பாலத்துக்கு அடியில நுழைவீங்க பாருங்க, ரயிலும் ரோடும் சேர்ந்த பாலம், மூணு கிலோமீட்டருக்கு மேல இருக்கும். அதைத் தாண்டினதும் இடது பக்கம் ஊர் முழுசும் ஒரே பார்வையில விரியும், மேல வரிசையா பயாங்கற புத்தர் கோயில் கோபுரம், கீழ தகரக் கூரை, நடுவுல தென்னை. பஸ்ஸுல வந்தா இந்தக் காட்சி கிடைக்காது.

----------

சிரியம் செல்வி

எல்லாரும் படகு படகுன்னு ஏத்தி விடறீங்க, அந்த அத்தையோட முழங்காலை யாராவது நினைச்சுப் பாத்தீங்களா?

பா-ஆன்ல இருந்து மோல்மீன் ரோட்டு வழியா 60 கிலோமீட்டர் சொச்சம்தான். கார் கையில இருக்குன்னா ஒண்ணரை மணி நேரத்துல போயிடலாம். காலையில கிளம்பினா பத்து மணிக்கு ஊர்ல இருக்கலாம், முழுப் பகலும் கையில இருக்கும். படகுன்னா நாலு மணி நேரம் குறுகின பலகையில உக்காந்து, காது அடைச்சு, முதுகு பிடிச்சு, சாயங்காலம் இறங்கும்போது எப்படா படுக்கலாம்னு இருக்கும்.

இறங்கற இடத்தையும் கேட்டுக்கோங்க. மோல்மீன் கடலுக்குப் பக்கம், ஏத்தவத்தம் ரொம்ப ஜாஸ்தி, மார்ட்டபான் வளைகுடாவுல அமாவாசை பௌர்ணமிக்கு ஆறேழு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். வத்தம் நேரத்துல போய்ச் சேர்ந்தீங்கன்னா படகு கீழ நிக்கும், படித்துறை மேல இருக்கும், நடுவுல பச்சைப் பாசி படிஞ்ச படி, பக்கத்துல சேறு. நாங்க போனப்ப எங்க அம்மாவை ரெண்டு பேர் கைத்தாங்கலா தூக்கித்தான் ஏத்தினோம், அந்தப் படகுக்காரன் நம்ம பைகளை எல்லாம் பலகையில வீசிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டான். ஏத்தம் நேரம்னா பிரச்சனையே இல்ல, படகுல இருந்து ஒரு எட்டுதான்.

அதனால என்னோட யோசனை, படகு ஆசை உள்ளவங்க படகுல வாங்க, அத்தை கார்ல வரட்டும். எப்படியும் கார் காலியாத்தானே மோல்மீன் வரப் போகுது.

----------

மோல்மீன்காரி

கண்ணன் தம்பி, நான் இதே ஊர்தான், கல்யாணம் ஆகியும் இங்கேயேதான் இருக்கேன். அதே ராத்திரி பஸ் ஏறறதுன்னா தயவுசெஞ்சு மோல்மீனுக்கு வராதீங்க, பா-ஆன்ல இருந்து நேரா ரங்கூன் போயிடுங்க. கோவிச்சுக்காதீங்க, காரணத்தோடதான் சொல்றேன்.

எங்க ஊர் ஆத்துக்கும் மலை முதுகுக்கும் நடுவுல நீட்டமா கிடக்கு. ஆத்தை ஒட்டி ஸ்ட்ராண்ட் ரோடு, அடுத்து கீழ மெயின் ரோடு, அதுக்கு மேல மேல மெயின் ரோடு, அதுக்கப்புறம் மலை ஏறிடும். ரயில்வே ஸ்டேஷன் கூட மலைக்கு அந்தப் பக்கம். அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி, அதனால நடக்கறதுக்கு ரொம்ப சுலபமான ஊர், ஆனா ஓடிட்டே பாத்தா ஒண்ணும் மனசுல நிக்காது. டிசம்பர்ல அஞ்சரை வாக்குல பொழுது சாஞ்சிடும். நீங்க நாலரைக்கு இறங்கி, பையை எங்க வைக்கிறதுன்னு தேடி, தொன்பெய்ன் ஆட்டோ பேசி மலைக்கு ஏறினா இருட்டு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும். மாமா மதுரையில இருந்து இத்தனை தூரம் வந்து தொன்பெய்ன் டிரைவர் முதுகைப் பாத்துட்டுப் போகணுமா?

ரெண்டு ராத்திரி தங்குங்க. ஒண்ணாவது தங்குங்க. தங்கற இடம் ஸ்ட்ராண்ட் ரோட்டுலயே, ஆத்தைப் பாத்த மாதிரி எடுங்க, லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டு எடுங்க, பாதி இடத்துல இல்ல.

முத நாள் வந்து இறங்கினதும் வேற எதுக்கும் போகாம நேரா மலைக்குப் போங்க, சைத்தன்லான் பயா. மேல வரைக்கும் வண்டி போகும், உங்க அத்தை எனக்கு அக்கா மாதிரி, அந்த அக்காவுக்குப் படி ஏற வேண்டிய வேலை இல்ல. ஊர்லயே உயரமான கோபுரம் அதுதான், 875ல கட்டினதுன்னு சொல்லுவாங்க, அப்புறம் பல தடவை எடுத்துக் கட்டியிருக்காங்க. மேற்குப் பக்கம் போய் சுவரோரமா நில்லுங்க. கீழ பாத்தா ஜெயில் கட்டிடம் சக்கரத்து ஆரம் மாதிரி பரப்பி வச்சது தெரியும், அதுக்கப்புறம் ஊர்க்கூரை, அதுக்கப்புறம் ஆறு, ஆத்துக்கு அந்தப் பக்கம் பிலுச்சுன் தீவு, அதுக்குப் பின்னாடி சூரியன் இறங்கும். சாயங்காலத்துல காலேஜ் பசங்க கூட்டம், காதலிக்கிறதுங்க எல்லாம் தூண் மறைவுல உக்காந்திருக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அங்க இருந்து மகாமுனி பயா வரைக்கும் கூரை போட்ட பாதை மலை முதுகுலயே போகுது, பெரும்பாலும் சமதளம், மெதுவா நடந்தா அக்காவே நடந்திடுவாங்க. அதே வரிசையில மிண்டோன் ராஜாவோட ராணி செயின்டோன் மிபயா பேர்ல ஒரு பழைய மரச் சவுங், வெளிய இருந்து பாத்தா பாழடைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள போய் மேல்கூரையைப் பாருங்க. பூங்கி, அதான் புத்த பிக்கு, யாராவது இருந்தா கும்பிட்டுட்டு கேட்டா விளக்கு போட்டு விடுவாரு.

மறுநாள் காலையில சீக்கிரம் எந்திரிச்சு ஸ்ட்ராண்ட் ரோட்டுல நடங்க. மார்க்கெட்டுக்குப் பக்கத்துல சின்னப் படகு எல்லாம் சாமான் இறக்கும், கூடை கூடையா வெத்தலை, வாழைத்தார், மீன். நம்ம மாதிரி முகம் நிறைய பாப்பீங்க, லுங்கி கட்டிட்டு முகத்துல தனாக்கா மரச்சாந்து பூசிட்டு வெத்தலை மென்னுட்டு இருப்பாங்க, பர்மீஸ்ல பேசிட்டே இருக்கறவங்க நீங்க தமிழ்ல பேசறதைக் கேட்டதும் டக்னு திரும்பிப் பாப்பாங்க. கொஞ்சப் பேருக்குப் புரியும், பேச வராது. பெரியவங்களா இருந்தா உக்கார வச்சு எந்த ஊரு எந்தப் பக்கம்னு ஆரம்பிச்சு விட மாட்டாங்க.

கீழ மெயின் ரோட்டுலயும் பக்கத்துத் தெருவுலயும் ஒரு மைல் நடந்தா போதும், 1846ல கட்டின சூரத்திக்காரங்க பள்ளிவாசல், இன்னும் ரெண்டு மூணு பள்ளிவாசல், சீனக் கோயில், ஜட்சன்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் 1827ல ஆரம்பிச்ச பாப்டிஸ்ட் சர்ச் எல்லாம் அடுத்தடுத்து வரும். பைபிளை பர்மீஸ்ல முழுசா எழுதி முடிச்சது அந்த ஜட்சன்தான், அதுவும் இந்த ஊர்ல உக்காந்து, 1834ல. நம்ம செட்டியார் கோயில் தண்டாயுதபாணியையும் பாத்துட்டுப் போங்க, தைப்பூசத்துக்கு இங்க காவடி எடுக்கறதைப் பாக்க பர்மாக்காரங்களே கூடுவாங்க. உச்சி நேரத்துல நடை சாத்திடுவாங்க, காலையிலேயே போயிடுங்க.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. பர்மாக்காரங்களே சொல்லுவாங்கள்ல, பேச்சுக்கு மண்டலை, பீத்தலுக்கு ரங்கூன், சாப்பாட்டுக்கு மோல்மீன்னு :) அக்காவுக்கு டீக்கடையில நாம்பியா ரொட்டியும் அவிச்ச பயறு பெப்யோவும் சுடச்சுட கிடைக்கும், எண்ணெயில பொரிச்ச ஈச்சாகுவே இருக்கும். மத்தியானம் நம்ம ஆளுங்க வச்ச சாப்பாட்டுக் கடை கீழ மெயின் ரோட்டுல இருக்கு, பருப்பு, ரசம், கூட்டு எல்லாம் வரும். பர்மாக் கடையில சாப்பிட்டா சைவம்னு அர்த்தம் வர்ற தெத்தத்லுன்னு சொன்னா மட்டும் பத்தாது, ங்கான்பியாயே ஒரு சொட்டு கூட ஊத்தாதேன்னு தனியா சொல்லணும், இல்லைன்னா கறி மட்டும் எடுத்துட்டு மீன் சாஸை ஊத்திக் கொண்டாந்து வச்சிடுவாங்க. ராத்திரி ஸ்ட்ராண்ட் ரோட்டுல போடற கடை எல்லாம் பொரிச்ச மீனும் கறி சுட்டதும்தான், காத்து வாங்க நடக்கறதுன்னா சரி, அக்கா அங்க உக்கார மாட்டாங்க. டிசம்பர்ல பம்ளிமாஸ் நல்லா இருக்கும், வாங்கிக்கோங்க. டுரியான் ரம்புட்டான் எல்லாம் மழைக்காலத்துலதான்.

செல்வி சொன்னது சரி, வத்தம் நேரத்துல இறங்கறது சிரமம்தான். பா-ஆன்ல ஹோட்டல்ல சொல்லி அன்னைக்கு மோல்மீன்ல ஏத்தம் எத்தனை மணிக்குன்னு படகுக்காரர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு மனப்பாடம்.

இன்னொண்ணு, இங்க பைக் வாடகைக்குக் கிடைக்கும். ரங்கூன் ஆளுங்களுக்கு அதுவே ஒரு திருவிழா, அங்க மாதிரி பைக்குக்குத் தடை இங்க இல்ல. மாமாவைப் பின்னாடி வச்சு ஆத்தோரமா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

----------

பழைய ரங்கூன்

மோல்மீன்காரி அம்மா சொன்னதுக்கு மேல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. தம்பி மர மில்லைப் பத்திக் கேட்டாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லலைன்னு எழுதறேன்.

மோல்மீன் ஏன் மர ஊர் ஆச்சுன்னா, 1826ல பர்மா ராஜா சண்டையில தோத்து யாண்டபோ உடன்படிக்கை போட்டு, அரக்கானும் மோல்மீன் இருக்கற தெனாசரிமும் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. முதல்ல கடலோரம் ஆம்ஹெர்ஸ்ட்ல தலைநகர் வச்சாங்க, இப்ப சைக்கமின்னு சொல்றோமே அது. சரிப்படல, 1827ல மோல்மீனுக்கு மாத்திட்டாங்க. 1852ல ரங்கூனைப் பிடிக்கிற வரைக்கும் வெள்ளைக்கார பர்மாவுக்கு இதுதான் தலைநகர். ரங்கூன் சிங்காரிக்கறதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல கோர்ட்டுக் கச்சேரி, சர்ச், ஸ்கூல், துறைமுகம் எல்லாம் வந்தாச்சு.

மேல காட்டுல வெட்டின தேக்கு முழுசும் சல்வீன், அத்தரான், ஜயிங் ஆறு வழியா மிதந்து இங்கதான் வந்து சேரும், மூணு ஆறும் ஊருக்குப் பக்கத்துலதான் கூடுது. நீங்க படகுல வர்ற அதே தண்ணியில ஒரு காலத்துல கட்டை கட்டையா தெப்பம் போட்டு வந்துச்சு. யானை கரையில இழுத்துப் போட, மில்லுல அறுத்து, அந்தத் தேக்குலயே கப்பல் கட்டி ஓட்டின ஊரு. மர மில்லும் அரிசி மில்லும் ஆத்தோரம் வடக்க இருந்து தெக்க வரைக்கும் வரிசையா இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு இல்ல. அதனால "ஆத்தோரமா இருந்துச்சு"ன்னு மட்டும் வச்சு ஒரு மில்லைக் கண்டுபிடிக்கிறது நடக்காது தம்பி. 1942 ஜனவரி 31ஆம் தேதி ஜப்பான்காரன் ஊரைப் பிடிச்சான், சண்டையில கொஞ்சம் போச்சு, அப்புறம் தேசியமயம் வந்து மிச்சமும் கை மாறிடுச்சு. மாமாகிட்ட முதலாளி பேரோ கம்பெனி பேரோ ஏதாவது இருக்கான்னு கேளுங்க. வட்டிக்கடையோ மில்லோ நம்ம ஆளுங்களுது அப்ப நிறைய, 1930 வாக்குல பர்மா முழுக்க செட்டியார் கடை மட்டும் 1,650ன்னு சர்க்கார் கணக்கு எடுத்திருக்கு. செட்டியார் மில்லுன்னா கோயில்ல பழைய ஆளுங்ககிட்ட கேட்டா வாய்மொழியா ஏதாவது கிடைக்கும். பேர் இல்லைன்னா மில்லைத் தேடி வெயில்ல அலையாதீங்க, படகுல வரும்போது பாலம் தாண்டினதும் இடது கரையைப் பாத்து இந்தப் பக்கம்தான் எங்கயோன்னு மாமாகிட்ட காட்டுங்க, அது பொய்யில்ல. அதுக்காகவாவது அவரு படகுல வரணும். அவரோட அப்பா வந்தப்ப இந்தப் பாலம் கிடையாது, 2005ல வந்தது. அதுவரைக்கும் ரங்கூன் ரயில் அந்தக் கரையில மார்ட்டபானோட நின்னுடும், எல்லாரும் இறங்கி சாமானோட ஃபெர்ரி ஏறித்தான் மோல்மீன் வரணும். இந்த ஊருக்குள்ள நுழையறதுன்னாலே தண்ணி வழிதான். நான் சின்ன வயசுல அப்படி வந்திருக்கேன், ஃபெர்ரியில அவிச்ச முட்டையும் சோளமும் விக்கிறவங்க போடற சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது.

இதுல ஒரு வேடிக்கை. 1889ல இங்கிலீஷ் கவிஞர் கிப்ளிங் கப்பல்ல போற வழியில இங்க இறங்கிட்டுக் கொஞ்ச நேரத்துல கிளம்பிட்டாரு, கண்ணன் தம்பியோட பிளான் மாதிரியே. அதை வச்சு ஒரு பாட்டு எழுதி மோல்மீன் பயா உலகம் பூரா பேர் வாங்கிடுச்சு, கூடவே மண்டலையும். மண்டலைக்கு மனுஷன் போனதே இல்ல. அந்தப் பாட்டுல பயா கிழக்க கடலைப் பாத்து இருக்கற மாதிரி வரும், சைத்தன்லான்ல ஏறி நின்னு பாத்தா தெரியும் கடல் எந்தத் திசையில இருக்குன்னு. அரை நாள்ல ஊர் பாக்கறவங்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

ரெண்டாவது நாள் கையில இருந்தா தன்பியூசயாட் போயிட்டு வாங்க, தெக்க 60 கிலோமீட்டர் பக்கம். யுத்தத்துல கைதிங்களையும் கூலிங்களையும் வச்சு ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை முடியற இடம் அது, 415 கிலோமீட்டர், 1942லயும் 43லயும் போட்டது. அங்க யுத்தக் கல்லறை ரொம்ப அழகா வச்சிருக்காங்க, 3,700க்கு மேல கல்லறை, கல்லுல பேரு, வயசு, பட்டாளம். எல்லாம் ஜப்பான்காரன் பிடிச்ச பட்டாளக் கைதிங்க. மலாயாத் தோட்டத்துல இருந்து ஏமாத்திக் கொண்டாந்து அந்தப் பாதையில செத்த தமிழ் ஆளுங்க பல்லாயிரம் பேரு, அந்த வரிசையில அவங்க ஒருத்தர் பேரும் இல்ல. மாமா மதுரைக்காரர்னா அவருக்குச் சொல்லிக் காட்டுங்க. போற வழியில முடோன் பக்கத்துல வின்செயின் படுத்த புத்தர், 180 மீட்டர் நீளம், சிமெண்ட்டுல கட்டி இன்னும் கட்டிட்டே இருக்காங்க, எனக்கு அது அவ்வளவா பிடிக்கல, வண்டியில இருந்தே தெரியும்.

----------

தட்டோன் பையன்

பெரியவர் கணக்கு எல்லாம் கையோட வச்சிருக்காரு, நன்றிங்க. பிலுச்சுன் தீவை யாரும் சொல்லல பாருங்க. 2017ல பாலம் வந்தப்புறம் கார்லயே போயிடலாம், முன்னாடி படகுதான். அங்க ரப்பர்பேண்ட் செய்யற வீடு ஒண்ணு கண்டிப்பா பாருங்க, மரக்கட்டையைக் கலர் போட்ட ரப்பர் பால்ல முக்கி எடுத்து வெயில்ல காய வச்சு, காஞ்சதும் உறை மாதிரி உருவி எடுத்து மிஷின்ல துண்டு துண்டா நறுக்குவாங்க, முத்தம் பூரா சிவப்பும் பச்சையும் மஞ்சளுமா தொங்கும். ஸ்கூல் சிலேட்டு செய்யற ஊரும் அங்கதான், கல்லைத் தேச்சுத் தேச்சு சட்டம் அடிப்பாங்க. எல்லாம் வீட்டு வாசல்லயே நடக்குது, டிக்கெட் கிடையாது, ஏதாவது வாங்கிட்டு வந்தா சந்தோஷப்படுவாங்க.

----------

சிரியம் செல்வி

பிலுச்சுன், தன்பியூசயாட், வின்செயின், எல்லாத்தையும் ரெண்டு நாள்ல அடைச்சீங்கன்னா அத்தை நேரா ஆஸ்பத்திரிதான். ஒண்ணை எடுத்துக்கோங்க. எனக்குக் கேட்டா எதுவும் வேண்டாம், ஸ்ட்ராண்ட் ரோட்டுல இருந்து சின்னப் படகு பிடிச்சு கவுங்சே தீவுக்குப் போங்க, அஞ்சு நிமிஷம்தான். ஆத்து நடுவுல மரமும் சின்னப் பயாவும் சவுங்கும் மட்டும்தான், அந்தக் காலத்துல ஆவாவுல இருந்த பர்மா ராஜாவுக்குப் புது வருஷத்துக்குத் தலை குளிக்கறதுக்கு அங்க இருந்துதான் தண்ணி எடுத்துட்டுப் போவாங்களாம். நாய்ங்க நிறைய, கடிக்காது. அங்க நின்னு பாத்தா ஊர் முழுசும் எதிர்க்கத் தெரியும், நாலு மணி நேரம் படகுல உக்காராமலே.

----------

காமாயுட் கண்ணன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. மாமாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஃபெர்ரியில முட்டையும் சோளமும் வித்தாங்கன்னு பெரியவர் சொன்னதும், எங்க அப்பாவும் அதையேதான் சொல்லுவாருன்னு ஒரே சத்தம் போன்ல.

மாத்தின பிளான்: தங்கப்பாறையில தங்கறதை எடுத்துட்டேன், போயிட்டு அதே நாள் பா-ஆன். மோல்மீன்ல ரெண்டு ராத்திரி, லீவு ஒரு நாள் கூட கேட்டாச்சு, மேனேஜர் மூஞ்சி சுளிச்சாரு, பரவால்ல. நானும் மாமாவும் படகு, அத்தை கார்ல டிரைவரோட. அத்தை முதல்ல முறைச்சாங்க, அப்புறம் கார்ல ஏசி இருக்குன்னதும் சரின்னுட்டாங்க. தன்பியூசயாட் மாமாவுக்குக் கண்டிப்பா வேணுமாம், பிலுச்சுனை விட்டுட்டோம். கம்பெனி பேர் எதுவும் நினைவில்ல, ஆனா முதலாளி தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார்னு மட்டும் சொல்றாரு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கார் முன்னாடியே வந்துடும், அத்தை அதுவரைக்கும் எங்க காத்திருக்கறது? ரெண்டாவது, திரும்பி ரங்கூனுக்கு ராத்திரி பஸ் வேண்டாம்னா பகல் ரயில் எப்படி, பெரியவங்க தாங்குவாங்களா?

----------

மோல்மீன்காரி

தேவகோட்டைன்னா போதும் தம்பி, காலையில கோயிலுக்குப் போகும்போது அதைச் சொல்லிக் கேளுங்க, வயசானவங்க ரெண்டு பேராவது இருப்பாங்க.

அக்கா எங்கேயும் காத்திருக்க வேண்டாம், ஹோட்டல்ல ரூம் எடுத்து ஜன்னலைத் திறந்து வச்சு உக்காரட்டும், உங்க படகு வர்றது அங்க இருந்தே தெரியும். படகு எல்லாம் ஒரே துறையில ஒதுங்கறது இல்ல, எந்தத் துறைன்னு ஏறும்போதே கேட்டு டிரைவருக்குப் போன் பண்ணிடுங்க.

ரயில் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும், குலுக்கற குலுக்கல்ல இடுப்பு கழண்டுடும். கார் இருக்கும்போது எதுக்கு ரயில்? காலையில ஆறு மணிக்குக் கிளம்புங்க, தட்டோன்ல டீ குடிங்க, பகோவுல மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் வீடு.

----------

தட்டோன் பையன்

தட்டோன்ல டீ குடிக்க நிறுத்தறீங்கன்னா முன்னாடியே சொல்லுங்க அண்ணே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க இருக்கற கடையில குடிக்காதீங்க, பால் டப்பாவைத் தண்ணியில காட்டி எடுத்த மாதிரி இருக்கும். நல்ல கடை நான் காட்டறேன்.